அடைக்கோழியும் நோடு மெஷினும்

குடுமியான்மலையில் மாவு மில் வைத்திருக்கும் சொர்ணவல்லி, தன் பணம் இருக்கிறதா போய்விட்டதா என்று இனி எவரையும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின மூன்று நாளும், அவளுடைய பிட்காயின் கிடந்த செல்போன் ஆப், பராமரிப்பு வேலை நடப்பதாகச் சொல்லித் திறக்காமலே கிடந்தது. திறந்த நிமிஷமே இருந்ததையெல்லாம் தன் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொண்டாள். பெரிய தொகை இல்லை. ஒரு கறவை மாடு வாங்கலாம், கன்றுக்குப் பற்றாது.

அந்த வாலட்டுக்குச் சாவி இருபத்துநான்கு இங்கிலீஷ் வார்த்தைகள். வரிசை மாறாமல் சொல்லத் தெரிந்தவர் எவரோ, பணம் அவருடையது. காகிதத்தில் எழுதினால் கரையான் தின்னும் என்பதால், கரையான் தின்னாத இடத்தில் அவற்றைப் பத்திரப்படுத்தினாள். எங்கே என்பது அவளுக்கும் அவள் புருஷன் கண்ணுசாமிக்கும்தான் தெரியும். கண்ணுசாமி கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் மொத்தம் பதினொரு வார்த்தை பேசியவர். ஆகவே ரகசியத்துக்குப் பங்கமில்லை.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த தம்பி கோபிநாத்துக்கு இது பொறுக்கவில்லை.

"யக்கா, அந்த வார்த்தையெல்லாம் எங்கிட்ட குடுத்துரு. நான் வச்சுப் பாத்துக்கிறேன். ஒனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"வேணாம்டா. வந்துச்சா போச்சான்னு நானே பாத்துக்கிருவேன். வீட்லயே நோடு போடப் போறேன்."

நோடு என்றால், பிட்காயின் பிறந்த நாளிலிருந்து இன்று வரை உலகத்தில் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்ற கணக்கு முழுவதையும் இறக்கி, ஒவ்வொரு வரியையும் தானே சரிபார்த்து வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர். அது வீட்டில் இருந்தால் அடுத்தவன் வாயைப் பார்க்க வேண்டாம்.

கோபிநாத் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த இரண்டு பல்லி கீழே விழுந்தன. "நோடா? லச்ச ரூவா மெஷின் வேணும்க்கா. அதுக்கு ஏசி ரூம் வேணும்."

"என் மில்லுல பத்து எச்.பி. மோட்டாருக்கே ஏசி கெடையாது. இதென்ன பெரிய மாப்பிள்ளையா?"

"சரி, பந்தயம். இருவத்தஞ்சு நாள்ல பிளேன் ஏறுறேன். நான் இந்த வாசலத் தாண்டுறதுக்குள்ள ஒன் மெஷினு முழுசாச் சரிபாத்து முடிக்கணும். இல்லன்னா வார்த்தை எங்கைக்கு வந்துரணும்."

"சரிடா, பந்தயம். அந்த நாள் வரும்போது பாக்கலாம் போடா."

மறுநாளே புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். முதலில் ஒரு கடையில் உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைக் காட்டினார்கள். விலை மலிவுதான். ஆனால் பெட்டி தனி, ஃபேன் தனி, சார்ஜர் தனி. மாப்பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம் என்று ஆரம்பித்து பைக்கில் போய் நிற்கிற சம்பந்தி மாதிரி இருந்தது. அடுத்த கடையில் ஆபீஸில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர். அதன் முதுகில் கை வைத்துப் பார்த்தாள், சுட்டது. ராத்திரி பகல் ஓடினால் மில்லுக்குப் பக்கத்தில் இன்னொரு மீட்டர் போட வேண்டியிருக்கும் என்று தெரிந்தது.

கடைசியில் பரணில் ஏறி, மகள் தேவிப்ரியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பை இறக்கினாள். ஸ்கிரீன் உடைந்திருந்தது. நோடுக்கு மூஞ்சி எதற்கு? எத்தனை சதவீதம் முடிந்தது என்று செல்போனில் பார்த்துக்கொண்டால் போதும். உள்ளே இருந்த சுற்றுகிற டிஸ்க்கை வைத்துத் தொடங்கினால் பேரப்பிள்ளை காலத்தில்தான் முடியும் என்பதால், சுற்றாத எஸ்.எஸ்.டி. ஒன்று, ஒரு டி.பி. அளவில், அது மட்டும் புதிது. ராம் ஒன்று பழையது வாங்கிக் கூடச் செருகினாள். கரண்ட் போனால் லேப்டாப்புக்கு வீட்டு இன்வெர்ட்டர். மோடத்துக்குக் கடலைக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரின் பேட்டரி.

மில்லில் வைத்தால் மாவு பறக்கும். ஆகவே அடுப்படிப் பரணில், அடைக்கோழிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். கூடையில் பதினொரு முட்டை. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று வழக்கம்போல் இரும்பாணியும் கரித்துண்டும் ஒரு பிடி காய்ந்த மிளகாயும் போட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பார்த்தால், கோழி லேப்டாப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. பதினொரு முட்டையும் அங்கேதான் இருந்தன. எப்படித் தூக்கிப் போனது என்பதைக் கோழிதான் சொல்ல வேண்டும். சொர்ணவல்லி ஆணியையும் கரியையும் மிளகாயையும் ஃபேன் ஓரமாக மாற்றி வைத்தாள். ஐந்தாம் நாளிலிருந்து கோழி, வேலைக்கு ஆள் கிடைத்த முதலாளி போலத் தெருவில் உலாத்தத் தொடங்கியது. அடை காத்தது மெஷின்.

பன்னிரண்டாம் நாள் விழுந்த இடியில் அந்தத் தெருவில் ஒன்பது மோடம் கருகின. சொர்ணவல்லியின் மோடத்தில் ஒரு விளக்குகூட இமைக்கவில்லை. இருபத்தோராம் நாள் பத்துக் குஞ்சு பொரித்தன, ஒன்று கூமுட்டை.

இருபத்தைந்தாம் நாள் வாசலில் கார் வந்து நின்றது. செல்போனில் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு.

"ஒத்துக்கக்கா. வார்த்தையக் குடு."

"ஒங்காலு இன்னும் வாசலத் தாண்டலடா."

கோபிநாத் பெட்டியைத் தூக்கினான். அப்போது பரணுக்கு நேர் கீழே நின்ற கண்ணுசாமி தும்மினார். இருபத்திரண்டு நாள் ஃபேன் காற்றில் வறுபட்ட மிளகாய். மனிதர் என்ன செய்வார்? ஆனால் தும்மியது ஒற்றைத் தும்மல். ஒற்றைத் தும்மலுக்குப் பயணம் கிளம்பினால் விளங்காது. துபாய்க்குப் போய் பதினாலு வருஷமாகியும் கோபிநாத் அந்த விஷயத்தில் இந்த ஊர்க்காரன்தான். பெட்டியை வைத்தான், உட்கார்ந்தான். சொர்ணவல்லி தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள்.

எழுந்தான். கண்ணுசாமி மறுபடி ஒன்று. இன்னொரு தம்ளர் தண்ணீர். தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு.

"மச்சான், தும்முறதுதான் தும்முறீங்க, ரெட்டையாத் தும்மக் கூடாதா? பிளேன் போயிரும்!"

கண்ணுசாமி தலையாட்டினார். தும்மினார். ஒற்றை.

மூன்றாவது தம்ளரை அண்ணாந்து குடித்தவன் அதன் அடியைப் பார்த்தான். "இதென்னக்கா, இங்கிலீஷ்ல என்னமோ வெட்டியிருக்கு?"

"மொய்க்கு வந்த தம்ளரு. பேரு வெட்டியிருப்பாக. குடி."

செல்போன் நூறு காட்டியது. சொர்ணவல்லி அதைத் தம்பியின் மூக்குக்கு நேராக நீட்டினாள். வாசல் இன்னும் இரண்டடி தூரத்தில் இருந்தது. பின்னாலிருந்து கண்ணுசாமி, கேட்டவனுக்கு இல்லையென்னாமல், கணீரென்று இரட்டையாகத் தும்மினார்.

கார் போன பிறகு சொர்ணவல்லி மூன்று தம்ளரையும் கழுவினாள். இங்கிலீஷ் தெரியாத பாத்திரக்கடைக்காரர் அடியில் ஒவ்வொரு வார்த்தையாக வெட்டிக் கொடுத்த இருபத்துநான்கு எவர்சில்வர் தம்ளர்கள் அலமாரியில் வரிசையாக நின்றன. கேட்ட வார்த்தைகளில் மூன்றைக் கையில் பிடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தம்பி போயிருக்கிறான். ஏழு, எட்டு, ஒன்பது என்று அவற்றின் இடத்தில் அடுக்கினாள்.

மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. கோழி அடுத்த ஈடு முட்டையை அதன்மேல் ஏற்றிவிட்டது. எவராவது போய் மெஷினை அணைத்துப் பார்க்கட்டும்.