எத்தியேனுக்குக் காது கேட்காது

கணவனின் நினைவு ஊர்வலத்துக்கு முதல் நாள்தான் தன் பேச்சில் இரண்டு வரிகள் வெட்டப்பட்டிருப்பதை மதுஜா கண்டாள். சுவிற்சர்லாந்தின் பீல் நகரத்துக் கறுப்பினத்தவர் சங்கத்தில் மேடைக்குப் போகும் எந்தப் பேச்சையும் கூட்டத்தில் வாசித்து, கையுயர்த்தி ஒப்புக்கொள்வது வழக்கம். வெட்டுப்பட்ட வரிகள்: ‘என் கணவர் எத்தியேனுக்குக் காது கேட்காது. நில் என்று பொலிஸ் கத்தியது அவருக்குத் தெரியாது.’

சங்கத் தலைவி ஒடெட், எத்தியேன் இறந்த நாளிலிருந்து ஒரு மாதம் மதுஜாவின் வீட்டில் சமைத்துப் போட்டவள். அவள் கெஞ்சினாள்.

“காது கேட்காததால்தான் நடந்தது என்று சொல்லித் தப்பிவிடுவார்கள், மதுஜா. கறுப்பன் என்பதால் கொன்றார்கள். நாளைக்கு அது ஒன்று போதும்.”

“கறுப்பர் என்பதால் துரத்தினார்கள். கேட்காததால் அவர் நிற்கவில்லை. இரண்டும் அவர்தானே?”

“அடுத்த வருடம் சொல்லலாம்.”

வீட்டில் அண்ணன் சிவநேசனுக்குக் கோபம் வந்தது. “உன்ரை மனுசனைப் பற்றிக் கதைக்கிறதுக்கும் அவையிட்டைக் கேக்கோணுமோ?”

“அவை நல்ல சனம், அண்ணை.”

“ஓம், நல்ல சனம்தான். எங்கட தமிழ் ஆக்கள் எட்டியும் பாக்காத செத்தவீட்டுக்கு அவைதான் வந்தவை. அதுக்காக வாயைப் பொத்திக்கொண்டு நிக்கப்போறியோ?”

“நானும் அவரும் வாயாலையோ கதைச்சனாங்கள், ஆறு வருசமும்?”

மறுநாள் சதுக்கம் நிறைந்திருந்தது. மேளம் அதிர்ந்தது. மேடையின் ஓரத்தில் எத்தியேனின் நண்பர்கள் நால்வர், காது கேளாதவர்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் உதடுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சைகையில் சொல்ல யாரையும் ஒழுங்கு செய்திருக்கவில்லை.

மதுஜா தாளைப் பார்த்தாள். அதில் இருந்தவன் வேறு யாரோ. அவள் தாளை மடித்துவிட்டுக் கைகளை உயர்த்தினாள். எத்தியேனுக்குக் காது கேட்காது, என்று கைகள் சொல்லின. நால்வரில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். கைகள் தொடர்ந்தன: அன்று அவர் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வந்தார். பின்னால் அவர்கள் கத்தினார்கள். அவர்…

“பாவம், பேச்சு வரவில்லை,” என்றது ஒரு குரல். முன்வரிசை அவளுக்காக எத்தியேனின் பெயரை முழங்கத் தொடங்கியது. கண்ணீரோடு மேடையேறிய ஒடெட் அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துத் தன் நெஞ்சில் அழுத்திக்கொண்டாள்.

“நடுங்காதே. நாங்கள் இருக்கிறோம்.”

அந்தப் பிடி அன்பானது, இறுக்கமானது. அந்த நால்வரும் அவளுடைய கைகளைப் பார்த்தபடியே மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள்.