இருட்டடித்த யானைகள்

அந்த யானைப் படத்தின் முதல் பாகத்தில் விடியற்காலை ஆற்றுக்கு மேலே யானைகளைப் பறக்கவிட்டவர் என்றுதான் ஒளிப்பதிவாளரை எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாகம் வெளியான அன்று மனைவியும் மச்சினனும் அவரைப் பகல் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். டிக்கெட் கிழிப்பவரிடமே மச்சினன், "கேமரா எங்க மாமாதான்" என்று பீற்றிக்கொண்டான். அவர் செல்போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

யானைகளின் போர் வந்தது. திரையில் கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு அசைந்தது. பிளிறல் மட்டும் நாலாபக்கமும் கேட்டது.

"யாராவது டார்ச் அடிங்கப்பா!" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. அரங்கமே சிரித்தது.

மனைவி அவர் பக்கம் சாய்ந்தாள். "என்னங்க, ஒண்ணுமே தெரியலையே?"

"புரொஜெக்டர் விளக்கு மங்கியிருக்கும். இவங்க எங்க ஒழுங்காப் பாத்துக்கறாங்க?"

வாய் முந்திக்கொண்டது. மச்சினன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். இடைவேளை விட்டதும் ஆளைக் காணோம்.

ஒளிப்பதிவாளர் அவனைத் தேடிப் புரொஜெக்டர் அறைப் பக்கம் ஓடினார். மாடிப்படியில் ஏறும்போதே மச்சினனின் சத்தம் கேட்டது.

"ராப்பகலாப் பாடுபட்டு எடுத்த படம் சார்! உங்க ஓட்ட விளக்கால எங்க மாமா பேரு நாறுது!"

புரொஜெக்டர் அறை வாசலில் ஆபரேட்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருக்கும் கிட்டத்தட்ட ஒளிப்பதிவாளரின் வயதுதான் இருக்கும். பக்கத்தில் மேனேஜர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"காலையிலகூடப் பாத்தேன் சார், நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ஆபரேட்டர். ஒளிப்பதிவாளரைக் கண்டதும் குரல் இறங்கியது. "என் தப்பா இருந்தா மன்னிச்சிருங்க."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார் மேனேஜர்.

சில வாரங்களுக்கு முன், வெளியீட்டுத் தேதி நெருங்கியபோது கிராபிக்ஸ் யானைகளுக்குக் கால்கள் சரியாக ஒட்டவில்லை. "இருட்டாக்கிடு, எவனுக்கும் தெரியாது" என்றார் இயக்குநர். ஒளிப்பதிவாளருக்கு அதே இயக்குநரிடம் அடுத்த படம் காத்திருந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தலையாட்டியதோடு நிற்காமல், இந்தப் படத்தில் இருட்டும் ஒரு கதாபாத்திரம் என்று பேட்டி வேறு கொடுத்திருந்தார்.

"விளக்குல ஒண்ணும் இல்ல" என்றார் இப்போது. "படமே அப்படித்தான் இருக்கு. நான்தான் இருட்டாக்கினேன். இவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றுவிட்டு இறங்கிப் போனார். ஆபரேட்டர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து, "அப்பாடா" என்றார்.

படியில் மச்சினன் முன்னே நடந்தான். "எங்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்ல மாமா? நீங்க சொன்னீங்கன்னுதானே அந்தாளை அப்படிக் கத்தினேன்?"

பாதிப் படியில் நின்றான். பிறகு திரும்பி, அவரைத் தாண்டி மேலே ஏறினான். ஆபரேட்டரிடம் அவன் மன்னிப்புக் கேட்பது காதில் விழுந்தது. தானும் போய்க் கேட்க வேண்டும் என்று நினைத்தார். ஆனால் கீழேதான் இறங்கினார்.

இருக்கைக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். "வீட்டுக்குப் போயிடலாமா?" என்றாள் அவள்.

"வேணாம். முழுசாப் பாக்கறேன்."

முன்வரிசையில் ஒரு குடும்பம் பாதியிலேயே எழுந்து போனது. யானைகள் மறுபடி வந்தன, மறுபடி சிரித்தார்கள். மச்சினன் வந்து அக்காவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டான். ஒளிப்பதிவாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

வெளியே வரும்போது வாகன நிறுத்தத்தில் இயக்குநரிடமிருந்து அழைப்பு. "வசூல் பிச்சிக்கிட்டுப் போகுதுப்பா! எவனாவது கேட்டா தியேட்டர்காரன் மேல பழியப் போட்டுடு."

"போட்டுட்டேன்" என்றார் ஒளிப்பதிவாளர். "ஒருத்தருக்கு வேலையே போகப் பாத்துது. இனிமே யார் கேட்டாலும் என் தப்புன்னுதான் சொல்வேன்."

அந்தப் பக்கம் இணைப்பு துண்டிக்கப்பட்டது. மனைவி கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் ஏறவில்லை. "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, ஆபரேட்டரைத் தேடித் தியேட்டருக்குள் போனார்.