பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளை

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ரெங்கம்மா பாதி மயங்கிவிட்டாள். மீதி மயக்கம் உள்ளே காத்திருந்தது.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆயுசெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்தவள் அவள். லயத்து வரிசையில் ஒரே அறையாக ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. வீடு என்றால் அவளுக்கு அவ்வளவுதான். மகள் தயானி படித்து டீச்சராகி, இந்த இரண்டாயிரத்து நாலில் பதுளையில் ஒரு வீடு வாங்கப் பேங்குக் கடனும் கேட்டு வைத்திருந்தாள். ஆனால் ஒரே பிடியாக ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீ லயத்துல கெடக்க, நான் டவுன்ல சொகமா இருக்க மாட்டேன். நீ சரின்னா வாங்குறேன். இல்லன்னா வேணாம்."

ஆக, அன்றைக்கு வீடு பார்க்க வந்தது மகளாக இருந்தாலும், தலையாட்ட வேண்டியது தாய்தான்.

கதவைத் திறந்தது லரீபா. பஸாரில் கட்டில், மேசை விற்கும் தளபாடக் கடை வைத்திருக்கும் ஸரூக் முதலாளியின் மனைவி. வீட்டை விற்றுக்கொடுக்கும் பொறுப்பு அவளிடம் இருந்தது.

"வாங்கம்மா, உள்ளுக்கு வாங்க."

உள்ளே போவதா? சிவப்புச் சீமெந்துத் தரை மெழுகு பூசி மினுங்கியது. ரெங்கம்மா அதில் முழுப் பாதத்தை வைக்கவே பயந்து நுனிக்காலில் நடந்தாள். பிரம்பு நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக் கதை பேசுகிற மாதிரி இருந்தன. சமையலறை மேசையில் பூப்போட்ட விரிப்பு, இரண்டு கோப்பை, ஒரு கூடை வாழைப்பழம். தன்னையறியாமல் எதையாவது தொட்டுவிடப் போகிறோமே என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தோட்டத்துத் துரை பங்களாவில்கூடச் சமைக்கிற குசினி வாசலைத் தாண்டி அவள் போனதில்லை. மனுஷர் இப்படியும் வாழ்வார்களா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

கடைசியில் சின்ன அறை. மீன் படம் போட்ட நீல விரிப்போடு ஒரு பிள்ளைக் கட்டில். கட்டிலடியில் உள்ளங்கையளவு செருப்பு இரண்டு. மேசையில் பாதி நிறம் தீட்டிய ஒரு வீட்டுப் படம், பக்கத்தில் மூடாத கலர்ப் பெட்டி. நாற்காலி சற்றுத் திரும்பியிருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து ஓடின மாதிரி.

"இந்தப் புள்ள எங்க மொதலாளியம்மா?"

"ஸ்கூல் போயிருக்கார்" என்றாள் லரீபா, வாய் கூசாமல்.

"நாங்க வாங்குனா இவங்க எங்க போவாங்க?"

"எங்கயாவது பாத்துக்குவாங்க. நீங்க அதுக்கு யோசிக்க வாணாம்."

அந்த 'எங்கயாவது' ரெங்கம்மா முன்பே கேட்டதுதான். அவள் சிறுமியாக இருக்கையில் அப்பா கங்காணியோடு வாய் கொடுத்துவிட்டார். சட்டிபானை இஸ்தோப்புக்கு வந்தது, கதவில் பூட்டு விழுந்தது. கொட்டுகிற மழையில் "எங்கயாவது போங்க" என்றுதான் கங்காணியும் சொன்னான். அன்று பொழுது சாய்வதற்குள் அதே காம்பராவில் வேறொரு குடும்பம் வந்து அடுப்பு மூட்டியது. அந்த வீட்டுச் சிறுமி வாசலில் நின்று, நனைந்து நிற்கிற ரெங்கம்மாவைப் பார்த்தாள். கங்காணியின் முகம் எப்போதோ மறந்துபோயிற்று. அந்தச் சிறுமியின் முகம் மறக்கவில்லை. அவள்மீதுதான் ரெங்கம்மாவுக்கு இன்றுவரை ஆத்திரம்.

"வேணாம் தயானி. வா போவோம்."

"என்னம்மா சொல்ற? இப்பதான வாயப் பொளந்துகிட்டு நின்ன?"

"ஒரு புள்ள படுக்கையத் தூக்கி வெளிய போட்டுட்டு அதுல நான் படுக்கணுமா? அந்தப் பாவம் நமக்கு வேணாம்."

தயானியின் கண் நிறைந்துவிட்டது. எத்தனை மாதம் அலைந்து கண்டுபிடித்த வீடு. பின்னேரம் வேறு ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று லரீபா முன்பே சொல்லியிருந்தாள்.

லரீபாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தயானியின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

"வல்லாஹி, சத்தியமா இங்க ஒத்தரும் இல்லம்மா. வீட்டுக்கார டொக்டர் குடும்பத்தோட கனடா போய் ரெண்டு வருஷமாகுது. வெறும் வீடுண்டா ஆக்கள் கதவடியில நின்டு எட்டிப் பாத்துட்டுப் போயிடுறாங்க. யாரோ சந்தோஷமா ஈக்கிற வீடு மாதிரி தெரிஞ்சா உள்ளுக்கு வாறாங்க. அதுக்குத்தான் எங்கட கடச் சாமான கொண்டாந்து வெச்சேன். புள்ளயும் நான் சும்மா செல்லினது."

"விக்கிறதுக்காக இப்ப இப்பிடிச் சொல்றீங்க" என்றாள் ரெங்கம்மா.

தன் கைவேலையே தன் கழுத்தைப் பிடிக்கும் என்று லரீபா கனவிலும் நினைக்கவில்லை.

ரெங்கம்மா யாரிடமும் கேட்காமல் கட்டிலருகே போனாள். தலையணையை எடுத்து மூக்கோடு சேர்த்து முகர்ந்தாள். பிள்ளை படுத்த தலையணைக்கு எண்ணெயும் எச்சிலும் வேர்வையுமாக ஒரு வாடை உண்டு. எந்தச் சவர்க்காரமும் அதை முழுதாகப் போக்காது. இதில் புதுப் பஞ்சு வாடை மட்டும்தான் அடித்தது. செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு தூசி இல்லை. அப்புறம் அந்தப் படத்தைக் கையிலெடுத்தாள்.

"இது யாரு வரைஞ்சது?"

"நான்தான்" என்றாள் லரீபா, களவு பிடிபட்டவள் போல. "கூரைக்கு மட்டும் செவப்பு அடிச்சேன். முழுக்க அடிச்சா புள்ள அடிச்ச மாதிரி ஈக்காது."

ரெங்கம்மா அவளைக் கண் கொட்டாமல் பார்த்தாள். இவ்வளவு நேரமும் சாமான்களைப் பார்த்து மலைத்தவள், இப்போது மனுஷியைப் பார்த்து மலைத்துப்போனாள். லயத்தில் ஒரு காம்பராவுக்குள் ஒரு தலைமுறையே முட்டி மோதிக் கிடக்கிறது. இவளோ ஓர் ஆளும் இல்லாமல் வீடு நிறைய ஆட்களை இருத்திவிட்டாளே! கண்ணால் காணாத ஒரு பிள்ளைக்காக வீட்டையே வேண்டாமென்று சொல்ல வைத்துவிட்டாளே!

"அப்ப, இங்கருந்து யாரையும் வெளிய போடல?"

"ஒத்தரையும் இல்லம்மா."

"அப்பன்னா இந்த ரூம்புல உள்ளதெல்லாம் எடுங்க தங்கச்சி. நான் பாக்கணும்."

லரீபாவுக்கு மனசு கேட்கவில்லை. சாமானை எடுத்தால் அறை சிறுத்துப்போகும், சுவரின் ஈரக்கறையும் தெரியும் என்று தொழில் தெரிந்த அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் மறுபேச்சுப் பேசாமல் ஒரு பக்கம் பிடித்தாள், தயானி மறுபக்கம் பிடித்தாள். கட்டில் போயிற்று. மேசை, நாற்காலி, செருப்பு, படம், எல்லாம் போயிற்று. ஈரக்கறை பளிச்சென்று தெரிந்தது. ரெங்கம்மா அதைப் பார்க்கவேயில்லை. யன்னலால் வந்த வெயில் தரையில் விரிந்து கிடந்தது. அறை அப்படியே வெறுமையாக நின்றது.

"இது யாருக்கு?"

"ஒனக்குத்தாம்மா."

"எனக்கும், வேற யாருக்கு?"

"ஒனக்கு மட்டும்."

புருஷன், மூன்று பிள்ளைகள், மழைக்காலத்தில் கோழிகள், காலடியில் அடுப்பு. ஒருக்களித்துப் படுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒருவரை எழுப்ப வேண்டும். அப்படித்தான் ரெங்கம்மா ஒரு காலம் முழுக்கத் தூங்கியிருந்தாள். அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். நடு அறையில் உட்கார்ந்தாள். பிறகு மெல்ல மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் விரித்தாள். எதிலும் படவில்லை. கால்களை நீட்டினாள், அதுவும் படவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக உருண்டாள். இன்னொரு தரம் உருண்டாள்.

லரீபா வாசலில் அசையாமல் நின்றாள். விற்பதற்காக எத்தனையோ அறைகளை நிரப்பியவள், ஒரு வெற்று அறையை இப்படி முதல் தடவையாகப் பார்த்தாள்.

"எந்திரிம்மா, சீல அழுக்காகுது" என்றாள் தயானி.

"கொஞ்சம் இருடி" என்றாள் ரெங்கம்மா, கூரையைப் பார்த்தபடி. "இன்னும் செவரு தட்டுப்படல."