பால் மாவு வரிசை

பெரியவனுக்குப் பச்சை அட்டை வந்தது. அடுத்த வாரம் சின்னவனுக்கு மஞ்சள் அட்டை வந்தது.

இருவரும் ஆறு வருஷ இடைவெளியில் ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள். பெரியவன் ரயில்வே பட்டறையில் லேத் ஓட்டினான். சின்னவன் அங்கேயே வயர்மேன். காலையில் ஒரே சைக்கிளில்தான் போவார்கள். பெரியவன் மிதிக்க, சின்னவன் மடங்காத இடது காலைப் பக்கவாட்டில் நீட்டியபடி பின்னால் உட்கார்ந்திருப்பான். தெருமுனையில் அந்தக் கால் யார் மேலாவது இடிக்கும். "இந்தக் காலுக்குத் தனியா ஒரு மணி வைக்கணும்ணே" என்பான்.

அது துரைமார் சிறையில் போன கால். அவர்களை விரட்ட ஊரே கிளம்பியபோது சின்னவன் இரண்டு வருஷம் உள்ளே இருந்தான். பெரியவன் அப்போது வாயைத் திறக்காமல் துரைமாரின் எஞ்சின்களுக்கு போல்ட் கடைந்துகொண்டிருந்தான். வீட்டை ஒருவர் பார்த்தாக வேண்டுமே. அதைப் பற்றி அண்ணன் தம்பிக்குள் ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. விடுதலை கிடைத்த அன்று, மடங்காத காலை இழுத்துக்கொண்டு பட்டறைக் கூரையேறிக் கொடி கட்டியவன் சின்னவன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, யார் இந்த மண்ணுக்காரர், யார் வெளியிலிருந்து வந்தவர் என்று பிரிக்கச் சட்டம் வந்தது. பிரிப்பதற்கு அரசாங்கத்தின் கையில் இருந்தவை துரைமார் எழுதிவைத்த பதிவேடுகள் மட்டுமே. மண்ணுக்காரருக்குப் பச்சை. வந்தவருக்கு மஞ்சள்.

சின்னவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஒரே வயித்துல ரெண்டு நாடு. அம்மா, நீ சாதாரண ஆளில்ல."

அம்மா சிரிக்கவில்லை. ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தவள் உதறிய கையோடு நின்றுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பட்டறை வாசலில் இரண்டு லாரிகள் வந்து நின்றன. மஞ்சள் அட்டைக்காரர்களின் பெயர்களை ஒருவர் வாசித்தார். சின்னவன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டெஸ்டரை அண்ணன் சட்டைப்பையில் செருகினான். "பத்திரமா வை. எவனாவது சுட்டுடுவான்." ஊர் எல்லையில் மூடிக்கிடந்த பஞ்சுக் கிடங்குக்கு அவர்களைக் கொண்டுபோனார்கள்.

அன்று மாலைதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"நான்தான்டா அப்படிப் பதிஞ்சேன்."

"என்னம்மா சொல்றே?"

"மொத யுத்தம் நடந்த காலம். இவன் பொறந்து இருபது நாள். எனக்குப் பால் வத்திப் போச்சு. உங்கப்பாவப் பட்டாளத்துக்கு மூட்டை தூக்கப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. பள்ளிக்கூட வாசல்ல ரெண்டு வரிசை போட்டாங்க. ஒண்ணு மண்ணுக்காரங்க, இன்னொண்ணு வந்தவங்க. வந்தவங்க துரைமாரே வேலைக்குக் கொண்டாந்த ஆளுங்க. அதனால அவங்க கொழந்தைக்குப் பால் மாவு டின் குடுத்தாங்க. நமக்கு ஒண்ணும் கெடையாது. நான் அந்த வரிசையில போய் நின்னுட்டேன். எந்த ஊர்ல இருந்து வந்தேன்னு கேட்டான். வாய்க்கு வந்த ஊரச் சொன்னேன்."

"எந்த ஊரு?"

"ஞாபகம் இல்ல. டின் மேல பசுமாட்டுப் படம் போட்டிருந்தது. அதுதான் ஞாபகம் இருக்கு."

பெரியவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் சரிபார்ப்பு அலுவலகம் திறக்கும் முன்பே இருவரும் போய் நின்றார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு பேனாவை மூடினார்.

"அப்போ பதிவேட்டுல பொய் சொன்னதா ஒத்துக்கிறீங்க."

"ஆமாங்க. புள்ள பசிக்குச் சொன்னேன்."

"சரி. ரெண்டாவது பதிவு பொய்னா பெரியவருக்குப் பதிஞ்ச முதல் பதிவும் ஏன் பொய்யா இருக்கக் கூடாது? உங்க பெரிய மகன் அட்டையையும் நிறுத்தி வைக்கணும். உங்களோடதையும்தான். மூணு பேரும் கிடங்குல உட்கார வேண்டியிருக்கும்."

பெரியவன் குறுக்கிட்டான். "சார், அவன் ஜெயிலுக்குப் போனவன். இந்த நாட்டுக்காகத்தான் அவன் காலே போச்சு."

"தெரியும். ஃபைல்ல இருக்கு. துரைமார் ஜெயில் ரிக்கார்டுலயும் 'வந்தவன்'னுதான் எழுதியிருக்காங்க. அவங்க எழுதினத நான் எப்படி அழிக்கிறது?"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கு. வளர்ப்புப் பிள்ளைன்னு சொல்லுங்க. வந்தவங்க யாரோ விட்டுட்டுப் போன கொழந்தை, நீங்க எடுத்து வளர்த்தீங்க. எந்தப் பதிவும் பொய்யாகாது. உங்க ரெண்டு பேர் அட்டையும் நிக்கும். இவர் பொறுப்புல அவரை வீட்டுக்கு அனுப்பிடலாம். தெருவைத் தாண்டக் கூடாது. வேலைக்குப் போகக் கூடாது. மாசம் ஒரு தரம் ஆள் வந்து பார்ப்பாங்க."

"பெத்தவன பெக்கலன்னு எழுதச் சொல்றீங்களா?"

"எழுத வேணாம்மா. கையெழுத்து மட்டும் போடுங்க."

மேசை இழுப்பறையிலிருந்து அச்சடித்த படிவக் கட்டு ஒன்றை எடுத்தார். அந்தக் கட்டு பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

அம்மா பெரியவனைப் பார்த்தாள். தம்பி எத்தனை நாள் அந்தக் கிடங்கின் சிமென்டுத் தரையில் கிடப்பான் என்று அவன் நினைத்திருந்தால் அது நியாயம். ஆனால் அந்த நொடியில் மனம் ஓடியது தன் சட்டைப்பையிலிருந்த பச்சை அட்டைக்குத்தான். இதை அவன் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

"போடும்மா" என்றான்.

சின்னவன் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். படிவத்தின் நகலை நின்றபடியே படித்தான். "சரி, அநாதைக்குச் சோறு உண்டா?" என்றான். அம்மா கையிலிருந்த கரண்டியால் அவன் தோளில் ஒன்று வைத்துவிட்டு, அதே தோளில் சாய்ந்து அழுதாள்.

முதல் மாதம் வந்த ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டார். அம்மா வாய் தவறி, "என் சின்ன மகன்" என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "வளர்த்த புள்ளைங்க" என்று அவள் அவசரமாகத் திருத்தினாள்.

அன்றிலிருந்து சின்னவனே வீட்டில் பாடம் நடத்தினான். அம்மா காய் நறுக்கும்போது தன்னைத் தொட்டுக் காட்டித் திடீரென்று கேட்பான். "இது யாரு?" அவள் தயங்கினால், "போச்சு, மூணு பேருக்கும் கிடங்குதான்" என்பான். அண்ணன் முகம் துடைத்துக்கொண்டு வரும்போது கேட்பான். நாலைந்து மாதத்தில் இருவருக்கும் பதில் தடையில்லாமல் வந்தது. சின்னவன் கேட்பதை நிறுத்தினான். வேடிக்கை பேசுவதும் குறைந்தது. வீட்டிலுள்ள எல்லா சுவிட்சுகளையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினான். பிறகு மறுபடி கழற்றினான்.

விடுதலை நாள் வந்தது. பட்டறை ஆட்கள் அனைவரும் ஊர்வலத்தில் கொடி பிடித்து நடக்க வேண்டும் என்று உத்தரவு. அந்த வருஷம் ஊர்வலம் அவர்கள் தெரு வழியாகவே வந்தது. பெரியவன் மூன்றாவது வரிசையில் நடந்தான். வரிசைக்குப் பக்கத்தில் ஆய்வாளரும் நடந்துகொண்டிருந்தார். கூட்டம் பாடிய பாட்டைச் சின்னவன் சிறையில் கற்று, வெளியே வந்து பட்டறையில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

அவர்கள் வீட்டு மாடி ஜன்னலில் அவன் நின்றிருந்தான். வாய் அசைந்துகொண்டிருந்தது. அண்ணனைக் கண்டதும் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினான்.

பக்கத்தில் நடந்தவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். "மேல யாருங்க அது? உங்களப் பாத்துத்தான் கை காட்டுறாரு."

"யாரோ தெரியல" என்றான் பெரியவன்.

வளர்ப்புப் பிள்ளை என்றே சொல்லியிருக்கலாம். அந்தப் பதிலுக்குத்தான் அவ்வளவு பாடம் நடந்தது. ஆய்வாளர் பின்னால் திரும்பி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார், கேட்டிருக்கவும் மாட்டார். கொடிக்கம்பு கையில் வழுக்கியது. பெரியவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் போனவனின் பிடரியைப் பார்த்தபடி தெருவைக் கடந்தான்.

அவன் வீடு திரும்பியபோது அம்மா சோறு போட்டாள். சின்னவன் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"ஊர்வலம் நல்லாத்தான் இருந்தது" என்றான் சின்னவன். "உன்னத்தான் கூட்டத்துல கண்டுபிடிக்கவே முடியல."

பெரியவன் தலை நிமிராமல், "நான் கடைசி வரிசையில இருந்தேன்" என்றான்.

"அதான் தெரியல" என்று சொல்லி, சின்னவன் தண்ணீர்ச் செம்பை அண்ணன் பக்கம் நகர்த்தி வைத்தான்.