வெளியூர் போகாத வீடு

எழிலின் ரத்தம் தடவிய ஸ்லைடை மூன்றாவது முறையாக மைக்ராஸ்கோப்பில் வைத்தாள் பொற்கொடி. கண்ணை வைக்கும் முன், "ஆண்டவரே, இருப்பதை இருக்கிறபடி காட்டும்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வது அவள் வழக்கம். மூன்று முறையும் அதே பதில்தான். மலேரியா.

பெருந்துறைக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவள் லேப் டெக்னீஷியனாக வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு தனியார் லேபில் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே பல வருடங்களாக உள்ளூர் ஆள் யாருக்கும் மலேரியா பதிவாகவில்லை. எழிலோ ஐந்து மாதக் கர்ப்பிணி. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். விசாரணைப் படிவத்தை எடுத்தாள்.

"இந்த ஒரு வருஷத்துல நீங்களோ ஊட்டுக்காரரோ வெளியூர் போய்த் தங்குனீங்களா?"

"நானெங்கீங்க போறேன்? வெள்ளகோவில்ல இருக்கற அம்மா ஊட்டுக்கே போகுல. பஸ்ஸுல குலுங்க வேண்டாம்னு டாக்டரு சொல்லிட்டாரு" என்றாள் எழில்.

அருகில் நின்ற அவள் கணவன் மனோஜ்குமார் தலையை ஆட்டினான். "வெளியூரெல்லாம் இல்லீங்க. வண்டிக்குப் போறதுதான். இப்ப மழைன்னு ஊட்டோட இருக்கறேன்."

'இல்லை' என்று எழுதினாள் பொற்கொடி. தொழில் என்ற இடத்தில் 'டிரைவர்' என்று எழுதினாள்.

"ரத்தம் பாக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"பக்கத்து லைன் ஊட்டு மெஹராஜ் அக்காதானுங்க சொன்னாங்க. குளுருல பல்லக் கிட்டிக்கிட்டுக் கெடந்தேன். ரெண்டு கம்பளியப் போத்தி உட்டுட்டு, 'மலேரியா, மலேரியா, ரத்தம் பாரு'ன்னு ஒரே புடியா நின்னாங்க."

பொற்கொடியின் பேனா நின்றது. பார்த்ததுமே மலேரியா என்று சொன்னாளா? ஒரு டாக்டர்கூட அப்படிச் சொல்ல மாட்டாரே.

மெஹராஜும் அவள் கணவன் ரைஹானும் ஜார்க்கண்டுக்காரர்கள். அவனுக்கு நூல் மில்லில் வேலை. அந்த லைன் வீட்டில் வரிசையாக இருந்த நான்கு அறைகளிலும் அவர்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள்தான். பொற்கொடி சுவரில் தொங்கிய மலேரியா வரைபடத்தைப் பார்த்தாள். கொங்குப் பக்கம் வெள்ளை. ரைஹானின் மாவட்டம் கருஞ்சிவப்பு. குறிப்புப் பகுதியில் 'சந்தேகம்: அருகிலுள்ள வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்பு' என்று எழுதி, அதையே மேலதிகாரிக்குப் போனிலும் சொன்னாள். வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்ததை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ரத்தம் எடுக்க அவள் போனபோது, தெருவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. லைன் வீட்டின் சொந்தக்காரி ராமாமணி வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங்கம்மணி, இவிங்களாலதான் வந்துச்சுங்கறாங்களே, நெசமா?"

"சந்தேகந்தாங்க. இன்னும் தெரியல."

"சந்தேகமே போதுமே கண்ணு. ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லிப்போட்டேன். பாவந்தான், அஞ்சு வருஷத்துல ஒரு சத்தம் கெடையாது. ஆனா என்ற பேத்தி இங்கதான வெளையாடறா?"

ரைஹான் உள்ளே இருந்தான். மெஹராஜின் மடியில் பிறந்து இருபது நாளான குழந்தை. பொற்கொடி உள்ளே நுழைந்ததும், மெஹராஜ் ஒரு துணி மூட்டையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பொற்கொடி அதைக் கவனித்துக்கொண்டாள்.

"உங்க ஊர்ல மலேரியா உண்டுதானே?"

"முன்ன நெறய இருந்துச்சுங்க. எங்க அண்ணன் அதுலதான் போனாரு. இப்ப இல்லீங்க. வலை குடுத்தாங்க, மருந்தடிச்சாங்க, ஊடு ஊடா வந்து வெரலக் குத்திப் பாத்தாங்க. மூணு வருஷமா எங்க கிராமத்துல ஒருத்தருக்கும் இல்ல."

"அப்புறம் உங்க சம்சாரத்துக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

மெஹராஜ் குனிந்த தலை நிமிராமல் இந்தியில் ஏதோ சொன்னாள். ரைஹான் தமிழில் சொன்னான்: "சின்னதுல அவளுக்கு நாலு தடவ வந்துச்சாமுங்க. ஒருக்கா வந்தவங்களுக்கு அந்தக் குளுரு மறக்காதாம்." பிறகு தயங்கிக் கேட்டான். "மேடம், இந்தத் தெருவுல இனி யாரும் எங்களுக்கு ரூம் தர மாட்டாங்க. இந்தக் கொழந்தைய வெச்சுட்டு எங்கீங்க போவேன்?"

 பொற்கொடி ஒன்பது பேரிடம் ரத்தம் எடுத்தாள். வாசலில் செருப்புகளை எண்ணினாள். பதினொரு ஜோடி. இரண்டு பேர் மில்லில் ஷிப்டு முடிந்து வர வேண்டும் என்றார்கள். நம்பாமல் உட்கார்ந்து, அவர்கள் வந்து, மில்லுக்குப் போட்டுப்போன ஷூவைக் கழற்றிய பிறகு அவர்களிடமும் எடுத்தாள்.

பதினொன்றிலும் ஒன்றுமில்லை.

அப்போதும் அவள் மனம் ஆறவில்லை. அந்த மூட்டையில் என்ன? மாத்திரை தின்று மறைக்கிறார்களோ? வரைபடத்தின் அருகே போய் நின்றாள். மூலையில் அச்சிட்டிருந்த வருடத்தை அன்றைக்குத்தான் படித்தாள். பத்து வருடம் பழைய படம். கம்ப்யூட்டரில் புதியதைத் தேடித் திறந்தாள். சிவப்பு எங்கெங்கோ சுருங்கிப்போயிருந்தது. ரைஹானின் மாவட்டம் இளம் ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. அவன் சொன்னது பொய்யில்லை.

ஆனாலும் தான் எழுதிய வரியை அவள் அடிக்கவில்லை. அடித்துவிட்டு வேறு யாரை எழுதுவது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, எழில் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று பார்க்கப் போனாள். லைன் வீட்டு வாசலில் குட்டியானைச் சரக்கு வண்டி நின்றது. ரைஹான் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

எழிலுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பேசிக்கொண்டிருந்தபோது ரைஹானும் மெஹராஜும் உள்ளே வந்தார்கள். அவள் கையில் அதே மூட்டை. பிரித்தாள். நீல நிறக் கொசுவலை.

"மருந்து போட்ட வலைங்க" என்றான் ரைஹான். "போன வருஷம் ஊருக்குப் போயிருந்தப்ப எங்களுக்குக் குடுத்தது. அரசாங்கத்துதுன்னு இதுல அச்சு இருக்குது, திருடுனதுன்னு நெனைப்பாங்கன்னு அன்னிக்கு ஒளிச்சு வெச்சுட்டா. எழில் வயித்துல கொழந்த இருக்குது, இங்கயே குடுத்துட்டுப் போலாம்ங்கறா."

பொற்கொடிக்குத் தலை நிமிரவில்லை. மனோஜ்குமார் வலையை வாங்கித் தடவிப் பார்த்துச் சிரித்தான். "அட, இந்த வலையா! எங்க கேம்ப்லயும் இதேதான் குடுத்தாங்க."

"எந்தக் கேம்ப்?"

"வடக்க பஸ்தர் பக்கமுங்க. காட்டுக்குள்ளாற நாலு மாசம் தண்ணிக்கு போர்வெல் போட்டோம்."

"வெளியூர் போகலைன்னு சொன்னீங்களே!"

"அது வண்டிக்குப் போனதுங்க. வெளியூர் இல்லியே" என்றான் அவன், புரியாமல்.

எழில்தான் சொன்னாள். "வண்டின்னா போர்வெல் வண்டிங்க மேடம். எங்க பக்கத்துல அஸ்ஸாம் போனாலும் வண்டிக்குப் போயிருக்கறான்னுதான் சொல்லுவோம். நீங்க என்ன, ஸ்கூட்டர்னு நெனச்சுட்டீங்களா?"

ஆர்.எஸ்.புரத்தில் வண்டி என்றால் ஸ்கூட்டர்தான். பொற்கொடி மெதுவாகக் கேட்டாள். "அங்க காய்ச்சல் வந்துச்சா?"

மனோஜ்குமாரின் சிரிப்பு போய்விட்டது. "வந்துச்சுங்க. பதினாலு நாளைக்கு மாத்திரை குடுத்தாங்க. நாலே நாள்ல நின்னுபோச்சு. வண்டியும் வேற பாயிண்டுக்கு நகந்துருச்சு. உட்டுப்போட்டேன்."

"இங்க வந்தப்புறம்?"

"ஆடில மூணு நாளு. மழைல நனஞ்சதுன்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டேன்."

பொற்கொடி பையிலிருந்து பரிசோதனை அட்டையை எடுத்து அவன் விரலைக் குத்தினாள். அந்தக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் தூங்கும், மருந்தைப் பாதியில் விட்டால் திரும்ப எழும், அவனைக் கடித்த கொசுவே எழிலையும் கடித்திருக்கும் என்று சொன்னாள். கொசு பெருகும் இடம் என்று மாடியில் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியையும் காட்டினாள். வெளியே குட்டியானை டிரைவர் ஹாரன் அடித்தார். பதினைந்து நிமிடத்தில் அட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. அவனுக்கும் மலேரியா.

"மேடம்" என்றான் மனோஜ்குமார் தாழ்ந்த குரலில். "பதினாலு நாளும் சாப்படறேன். ஆனா இத வெளிய சொல்லோணுங்களா? அவங்கதான் கெளம்பிட்டாங்களே. அப்புறம் எங்க ஊட்டுப் பக்கம் யாரு வருவாங்க?"

ரைஹான் வாசல் பக்கம் திரும்பினான். எழில் கணவனைப் பார்த்தபடி கட்டிலைக் கையால் காட்டினாள். "அவங்க போத்துன ரெண்டு கம்பளியும் இன்னும் இங்கதான் கெடக்குது. நீங்களே மடிச்சுக் கொண்டுபோய் வண்டில வெச்சுட்டு வாங்க, பாக்கலாம்."

அவன் அசையவில்லை.

மைக்ராஸ்கோப்பில் குனியும்போது தவறாமல் சொல்லும் ஜெபத்தை, மனிதரைப் பார்க்கும்போது தான் ஒருமுறையும் சொன்னதில்லை என்று பொற்கொடிக்கு உறைத்தது. அவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"ராமாமணியம்மா, நான் எழுதுனது தப்புங்க" என்றாள் தெருவுக்கே கேட்கும்படி. "விசாரிக்காமயே எழுதிட்டேன். இவங்க பதினொரு பேர் ரத்தத்துலயும் ஒண்ணுமில்ல. நோய் இவங்ககிட்டருந்து வரல."

"அப்ப யாருகிட்டருந்துதானுங்க வந்துச்சு?"

நோயாளியின் பெயரைச் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை.  தெருவின் கண்கள் ஒவ்வொரு வீடாகத் தேடத் தொடங்கின.

"நானுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மனோஜ்குமார் கம்பளிகளைத் தோளில் போட்டபடி வந்தான். "வண்டிக்குப் போன எடத்துல எனக்கு வந்து, நானே கொண்டாந்தது. என்னாலதான் என்ற சம்சாரத்துக்கும்." யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து போய், குட்டியானையிலிருந்து கேஸ் அடுப்பை இறக்கினான்.

 ராமாமணி இடுப்பில் செருகியிருந்த அறைச் சாவியை எடுத்து ரைஹானிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"அம்மா, நாளைக்கு வேற ஏதாவது காச்சல் வந்தா?" என்று கேட்டான்.

  ராமாமணி சாவியைக் கையில் பிடித்தபடியே குட்டியானையில் ஒரு கால் வைத்து ஏறி, குழந்தையின் தொட்டில் துணியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, லைன் வீட்டுக்குள் அவரே முன்னால் நடந்தார்.