தகடுகள் வெந்த மதியம்

கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது என்று வெள்ளகோவில் பஸ் கண்டக்டரிடம் பழனாயி சொல்லியனுப்பியிருந்தார். கோவைக் கல்லூரியில் அதைக் கேட்ட கந்தவேல் அதிகம் கலங்கவில்லை. எரிந்தது செம்புக் கம்பிச் சுருள், மறுபடி சுற்றிக்கொள்ளலாம். அதைத் தாங்கும் இரும்புத் தகடுகள்தான் அவனுடைய ஆராய்ச்சி.

மின்வெட்டுக் காலம் அது. மின்சாரத்தின் மூன்று பேஸில் இரண்டுதான் தோட்டங்களுக்கு வந்தது. இரண்டிலேயே மோட்டாரை ஓட்ட ஒரு கன்வெர்ட்டர் பெட்டியும், அதிகம் சூடேறாத மோட்டார் ஒன்றும் செய்திருந்தான். உள்ளே மெல்லிய தகடுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் பாயாதபடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சு. அந்த இரும்பு இனிக் கிடைக்காது. கிணற்றில் ஓடிய பிறகும் தகடுகள் கெடவில்லை என்று அளந்து காட்டினால்தான் பட்டம். உதவித்தொகையை இனி நீட்ட முடியாதென்று சொல்லிவிட்டார்கள். சோதனைக்குக் கிணறு கொடுக்க முன்வந்தவர் பழனாயி மட்டுமே.

அவன் தோட்டத்துக்குப் போனபோது மோட்டார் மேடை காலியாக இருந்தது. வாடிய மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் பழனாயி நின்றிருந்தார்.

"உங்களுக்கெதுக்குங்க அலைச்சல்னு நானே மோட்டார் கட்டற ஆத்தப்பன் கடைக்கு ஏத்தி உட்டுட்டனுங்க. எரிக்கறதுக்கு எந்தம்பி கம்பெனி பனியன் வேஸ்ட்டும் ஒரு மூட்டை குடுத்திருக்கறேன்."

கந்தவேல் ஓடினான். இறுகிப்போன பழைய சுருளைக் கழற்ற, இந்தப் பக்கத்தில் தகடுகளோடு மோட்டார்க் கூட்டையே நெருப்பில் போடுவார்கள்.

கடை வாசலில் புகை. எரியும் பனியன் துணிக்கு நடுவே கூடு சிவந்துகொண்டிருந்தது.

"வெந்து பதமா இருக்குதுங்க சார். இழுத்தா கோழி றெக்கையாட்டம் வந்துரும்" என்றார் ஆத்தப்பன்.

கந்தவேல் அவர் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கிக் கூட்டை வெளியே இழுத்துப் போட்டான். பூச்சு முழுவதும் தீய்ந்திருந்தது. பல இடங்களில் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கை சுட்டுவிட்டதோ என்று ஆத்தப்பன் தண்ணீர் கொண்டுவந்தார்.

பின்னாலேயே மாட்டுவண்டியில் வந்த பழனாயி மெல்லக் கேட்டார்.

"ஓடுமுங்களா? செடி இன்னும் தாங்காதுங்க."

கந்தவேல் எழுந்து சொன்னான்: "ஓடுமுங்க. சுருளைக் கட்டச் சொல்லுங்க."

மறுநாள் புதுச் சுருளோடு மோட்டாரை மேடையில் ஏற்றினார்கள். தண்ணீர் வந்தது. எல்லோரும் வாய்க்காலைப் பார்க்க, கந்தவேல் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தான். சூட்டில் வைத்திருக்க முடியவில்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தான்.

பழனாயி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நல்ல மோட்டாருங்க. மழை வர்ற மட்டும் இங்கேயே இருக்கட்டுங்களா?"

"வெச்சுக்குங்க" என்றான் கந்தவேல்.