பென்சிலில் எழுதிய தேதி

"என் ஃபைலைக் காட்டுங்க சார்."

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

மாற்றுத்திறனாளிகளின் ஓய்வூதியச் சேமிப்பில் மகள் முதல் சம்பளத்திலிருந்தே பணம் கட்டி வருகிறாள். குமாஸ்தா ஃபைலை விரித்தார். அவள் சேர்ந்த தேதிக்குப் பக்கத்தில், இறந்த தேதி என்ற கட்டத்தையும் பென்சிலால் நிரப்பியிருந்தார்கள். அந்தத் தேதி வரும்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகியிருக்கும்.

"அறுபதுல பென்ஷன்னீங்களே?"

"அது மத்தவங்களுக்கும்மா. உங்கள மாதிரி ஆளுங்களுக்குச் சேரும்போதே கடைசித் தேதியப் போட்டுடுவோம்."

"எமன் ஆபீஸ்லயும் பார்ட் டைமா சார்?"

அவர் சிரிக்கவில்லை. கூரைவரை அடுக்கியிருந்த பழைய ஃபைல்களைக் காட்டினார். "ஒண்ணுகூட தேதி தப்பல. அதுக்கு ஃபைல் இங்கயே இருக்கணும், அவ்வளவுதான்."

அவள் ஃபைலை அக்குளில் இடுக்கினாள். ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள்.

"ஐயோ, அது வெளிய போகக்கூடாதும்மா!"

திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினாள்.